வில்லியம் லயன்ஸ்

சர் வில்லியம் லயன்ஸ் (செப்டம்பர் 4, 1901 - பெப்ரவரி 8, 1985) இங்கிலாந்தைச் சேர்ந்த தானுந்துத் தொழிலதிபரும் வடிவமைப்பாளரும் ஆவார். ஜாகுவார் தானுந்து நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர். மோட்டார்சைக்கிளுக்கு சைட்கார் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய தொழிலை உலகறிந்த தானுந்து நிறுவனமாக வளர்த்து, ஐம்பது ஆண்டுக் காலம் நடத்தினார். அழகும் வேகமும் கொண்ட தானுந்துகளைப் போட்டியாளர்களைவிடக் குறைந்த விலைக்கு விற்றவர் என்று பெயர் பெற்றார்.

இவரது தலைமையின் கீழ் 1950களில் ஜாகுவார் நிறுவனமும் டன்லப் நிறுவனமும் இணைந்து டிஸ்க் பிரேக்கைப் பந்தயத் தானுந்துகளில் சோதித்துச் செம்மைப்படுத்தின. பின்னர் அது, குடும்பத்தினர் பயணம் செய்யக்கூடிய நான்கு கதவுத் தானுந்துகளுள் வேகம் மிக்கவையான ஸ்போர்ட்ஸ் செடான்களுக்கும் கொண்டுவரப்பட்டது. 1959இல் வெளிவந்த ஜாகுவார் மார்க் 2 இம்மாற்றத்தின் நிறைவாகக் கருதப்படுகிறது.

இளமைக் காலம்

வில்லியம் லயன்ஸ் இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரை நகரான பிளாக்பூலில் பிறந்தார். தந்தையின் பெயரும் வில்லியம் லயன்ஸ் என்பதாகும். அயர்லாந்தைச் சேர்ந்த அவர் இசைக்கலைஞர். பியானோ முதலிய இசைக்கருவிகளை விற்கும் கடை ஒன்றையும் நடத்தி வந்தார். தாயார் மின்னி, ஆலை உரிமையாளர் ஒருவரின் மகள்.

பள்ளிப் படிப்பை முடித்த லயன்ஸ், மான்செஸ்டரில் இருந்த கிராஸ்லி மோட்டார்ஸ் நிறுவனத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். ஆயினும் அங்கு நெடுநாள் நிலைக்கவில்லை. பிளாக்பூல் திரும்பி, தானுந்து விற்பனை நிலையம் ஒன்றில் விற்பனையாளராகப் பணியாற்றினார். பொறியியலில் பட்டம் எதுவும் பெறாத இவர், வாங்குபவரின் கண் எதில் நிலைக்கிறது, அவரது பணப்பை எவ்வளவு தாங்கும் என்பவற்றை இக்காலத்தில்தான் கற்றுக்கொண்டார்.

ஸ்வாலோ நிறுவனம்

லயன்ஸ் குடும்பம் வசித்த தெருவுக்கு வில்லியம் வால்ம்ஸ்லி என்ற இளைஞர் குடிவந்தார். அவர் பழைய மோட்டார்சைக்கிள்களைப் புதுப்பித்தும், அலுமினியத் தகட்டால் அழகிய சைட்கார்களைச் செய்தும் விற்று வந்தார். அவரிடம் ஒரு சைட்காரை வாங்கிய லயன்ஸ், இதனைப் பெருந்தொழிலாக நடத்தலாம் என்று எண்ணினார். இருவரின் தந்தையரும் ஆளுக்கு 500 பவுண்டுக்குப் பொறுப்பேற்க, 1,000 பவுண்டு வங்கிக் கடனுடன் ஸ்வாலோ சைட்கார் நிறுவனம் 1922 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அப்போது லயன்சுக்கு வயது 21.

1924இல் லயன்ஸ் கிரெட்டா பிரவுன் என்பவரை மணந்தார். இவர்களுக்குப் பட்ரீசியா, ஜான், மேரி என மூன்று பிள்ளைகள்.

1927இல் ஆஸ்டின் செவன் என்ற சிறிய தானுந்தின் அடிச்சட்டத்தின் மீது இரு வண்ணங்கள் தீட்டிய அழகிய உடற்கூட்டைப் பொருத்தி ஸ்வாலோ நிறுவனம் விற்கத் தொடங்கியது. இதற்குக் கிடைத்த வரவேற்பால் பிளாக்பூல் பட்டறையில் இடம் போதவில்லை. 1928இன் இறுதியில் நிறுவனம் இங்கிலாந்துத் தானுந்துத் தொழிலின் மையமாக விளங்கிய கொவென்ட்ரி நகருக்கு இடம்பெயர்ந்தது.

எஸ்.எஸ். தானுந்துகள்

1931இல் எஸ்.எஸ். 1 என்ற தானுந்து வெளியானது. இதன் பொறியும் அடிச்சட்டமும் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தால் செய்து தரப்பட்டன. நீண்ட முன்பகுதியும் தாழ்ந்த கூரையும் கொண்ட இத்தானுந்தின் விலை 310 பவுண்டு. பார்வைக்கு அதன் மதிப்பு ஆயிரம் பவுண்டைத் தொடும் என்று அக்காலத்தில் பேசப்பட்டது. ஆனால் தோற்றத்திற்கு ஏற்ற வேகம் அதற்கு இல்லை என்ற குறையும் சொல்லப்பட்டது. இக்குறையைப் போக்குவதே லயன்சின் அடுத்த நோக்கமாக அமைந்தது.

வால்ம்ஸ்லி தொழிலை விட்டு விலகியதும் லயன்ஸ் தனித் தலைவரானார். 1935இல் வில்லியம் ஹெய்ன்ஸ் தலைமைப் பொறியாளராகச் சேர்ந்தார். அதே ஆண்டு ஜாகுவார் என்ற பெயரை முதன்முதலாகத் தாங்கிய செடான் அறிமுகமாயிற்று. இலண்டனில் நடந்த அறிமுக விருந்தில், அதன் விலை என்னவாக இருக்கும் என்று எழுதித் தருமாறு முகவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்கள் எழுதிய தொகைகளின் சராசரி உண்மையான விலையைவிட மிக அதிகமாக இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் எஸ்.எஸ். என்ற எழுத்துகள் நாட்சி செருமனியின் படைப்பிரிவை நினைவூட்டியதால், 1945இல் நிறுவனத்தின் பெயர் ஜாகுவார் கார்ஸ் என மாற்றப்பட்டது.

எக்ஸ்கே பொறி

போர்க் காலத்தில் குண்டுவீச்சால் தீப்பற்றாமல் காக்க, கொவென்ட்ரி தொழிற்சாலையில் இரவுக் காவல் இருக்க வேண்டியிருந்தது. லயன்ஸ் தமது முதன்மைப் பொறியாளர்களான ஹெய்ன்ஸ், வால்டர் ஹசான், கிளாட் பெய்லி ஆகியோருடன் அக்காவல் பணியில் ஈடுபட்டார். போர் முடிந்தபின் செய்ய வேண்டிய புதிய பொறியைப் பற்றி அந்த இரவுகளில் அவர்கள் கலந்துரையாடினர். ஆறு உருளைகளும், உருளைத் தலையின் மேல் இரண்டு கேம் தண்டுகளும் கொண்ட எக்ஸ்கே பொறி இவ்வாறு உருவாயிற்று. அக்காலத்தில் இவ்வகைப் பொறி பந்தயத் தானுந்துகளிலும் மிக விலையுயர்ந்த தானுந்துகளிலும் மட்டுமே காணப்பட்டது. லயன்ஸ் அதனை எண்ணிக்கையில் பெருமளவு செய்து விற்கும் செடானுக்கென்றே திட்டமிட்டார்.

3,442 கன செ.மீ. கொள்ளளவு கொண்ட இப்பொறி, 1948இல் எக்ஸ்கே 120 என்ற இரு இருக்கைத் தானுந்தில் முதலில் வெளியானது. 1949 மே மாதம் பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் நடந்த சோதனையில் அது மணிக்கு 132 மைல் (சுமார் 213 கிமீ) வேகத்தைத் தாண்டியது. 1950இல் அதே பொறி, ஐந்து பேர் அமரக்கூடிய மார்க் VII செடானில் பொருத்தப்பட்டது. 1,700 கிலோகிராமுக்கு மேல் எடை கொண்ட இச்செடான் மணிக்கு 160 கிமீ வேகத்தை எளிதில் எட்டியது.

பிரேக் சிக்கல்

ஜாகுவார் தானுந்துகள் 1948 வரை கம்பிகளால் இயங்கும் பிரேக்குகளையே கொண்டிருந்தன. அவ்வாண்டு வெளியான மார்க் V செடானில்தான் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் இந்நிறுவனத்தில் முதலில் இடம்பெற்றது. ஆயினும் சக்கரத்தில் இருந்தது பழைய டிரம் பிரேக்கே ஆகும்.

டிரம் பிரேக்கில், சக்கரத்துடன் சுழலும் கிண்ணம் போன்ற உலோக டிரம்மின் உட்புறத்தை, வளைந்த இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து அழுத்துகின்றன. உராய்வினால் வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இவ்வமைப்பு மூடியதாக இருப்பதால் வெப்பம் விரைந்து வெளியேறுவதில்லை. சூடேறிய டிரம் விரிவடைந்து ஷூக்களை விட்டு விலகிச் செல்கிறது. ஷூவின் மேல் ஒட்டப்பட்ட லைனிங்கும் அதிக வெப்பத்தில் உராய்வுத் தன்மையை இழக்கிறது. இதனால் ஓட்டுநர் எவ்வளவு வலுவாக மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கும். தொடர்ந்து சில முறை பிரேக் பிடித்த பின்னரே இக்குறை வெளிப்படும் என்பதால் இது கூடுதல் ஆபத்தானதாகும்.

வேகம் கூடும்போது இச்சிக்கல் பன்மடங்காகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் அமைவதே இதற்குக் காரணம். எடுத்துக்காட்டாக 1,500 கிலோகிராம் எடையுள்ள ஒரு தானுந்தை மணிக்கு 100 கிமீ வேகத்திலிருந்து நிறுத்தும்போது வெளியாகும் வெப்பத்தைப்போல், அதனை 190 கிமீ வேகத்திலிருந்து நிறுத்தும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு வெப்பம் வெளியாகிறது. எக்ஸ்கே பொறியால் ஜாகுவார் தானுந்துகளின் வேகம் ஒரே தாவலில் உயர்ந்தது. பிரேக் அதே இடத்தில் நின்றுவிட்டது. எக்ஸ்கே 120இன் பிரேக்குகள் கடினமான பயன்பாட்டில் தளர்ந்துவிடுகின்றன என்பது ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்த குறையாக இருந்தது.

டிஸ்க் பிரேக் உருவாக்கம்

டிஸ்க் பிரேக் ஜாகுவார் நிறுவனத்தின் கண்டுபிடிப்பு அன்று. பிரித்தானியப் பொறியாளரான பிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் அவர் காலத்துப் பொருள்களைக் கொண்டு அதனை நிறைவாகச் செய்ய இயலவில்லை. பின்னர் வானூர்திகள் தரையிறங்கும்போது அவற்றை நிறுத்த இவ்வகை பிரேக் பயன்படுத்தப்பட்டது. 1949இல் அமெரிக்காவின் கிராஸ்லி, கிரைஸ்லர் நிறுவனங்கள் தமது தானுந்துகள் சிலவற்றில் வெவ்வேறு வகை டிஸ்க் பிரேக்குகளைப் பொருத்தின. கடும் வேகத்தில் மணிக்கணக்காக நம்பத்தக்க டிஸ்க் பிரேக்கை உருவாக்கும் பணியே ஜாகுவார், டன்லப் நிறுவனங்களின் முன் இருந்தது.

டிஸ்க் பிரேக்கில், சக்கரத்துடன் சுழலும் தட்டையான உலோக வட்டை இருபுறமும் இரண்டு பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. வட்டின் பெரும்பகுதி காற்றில் திறந்திருப்பதால் விரைந்து குளிர்கிறது. சூடேறிய வட்டு தடிக்கும்போது பேடுகளை நோக்கியே விரிகிறது. டிரம் போல விலகிச் செல்வதில்லை.

வானூர்தி ஒருமுறை தரையிறங்கி நின்றபின் அதன் பிரேக் ஆற நேரம் உண்டு. பந்தயத் தானுந்தின் பிரேக்கோ ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை இயங்க வேண்டும். ஆதலால் வானூர்தியின் அமைப்பை அப்படியே பொருத்த முடியவில்லை. 1952இல் ஜாகுவாரின் தலைமைச் சோதனை ஓட்டுநராகச் சேர்ந்த நார்மன் டூயிஸ், டன்லப் பொறியாளர்களுடன் இணைந்து இப்பணியை மேற்கொண்டார். சோதனைகளில் முதன்மையாக மூன்று சிக்கல்கள் எழுந்தன.

முதலாவது, வட்டின் வெப்பம் பேடு வழியாகப் பிரேக் எண்ணெயைச் சென்றடைந்து அதனைக் கொதிக்கச் செய்தது. கொதிக்கும் எண்ணெயில் தோன்றும் ஆவி அழுத்தத்திற்குச் சுருங்குவதால், மிதி வெறுமையாகத் தரையைத் தொட்டது.

இரண்டாவது, வளைவில் விரைந்து திரும்பும்போது சக்கரமும் அச்சும் நுண்ணிய அளவில் வளைந்து, வட்டு பேடுகளைத் தள்ளி விலக்கியது. அடுத்த முறை பிரேக் பிடிக்கையில் அவ்விடைவெளியை நிரப்ப ஓட்டுநர் மிதியை இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது.

மூன்றாவது, டிரம் பிரேக்கில் சுழலும் டிரம்மே ஷூவை இழுத்து இறுக்கிக்கொள்ளும் தன்மை உண்டு. டிஸ்க் பிரேக்கில் அத்தன்மை இல்லாததால் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டது. பந்தயத் தானுந்தில் பொறியின் ஆற்றலால் இயங்கும் பம்பு ஒன்றும், பின்னாளில் சாலைத் தானுந்துகளில் வெற்றிட சர்வோவும் இதற்கு உதவின.

பந்தயக் களத்தில்

1951இல் ஜாகுவார் சி-டைப், பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிரம் பிரேக்குடன் வென்றது. 1952 மே மாதம் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ், நார்மன் டூயிஸ் ஆகியோர் டிஸ்க் பிரேக் பொருத்திய சி-டைப்பில் சென்றனர். அப்பந்தயத்தை அவர்களால் முடிக்க இயலவில்லை. அடுத்த மாதம் பிரான்சின் ரீம்ஸ் நகரில் நடந்த விளையாட்டுத் தானுந்துப் பந்தயத்தில் மாஸ் வெற்றி பெற்றார். டிஸ்க் பிரேக் பெற்ற முதல் பெரும் பந்தய வெற்றியாக இது குறிப்பிடப்படுகிறது.

1953 லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் அணியின் சி-டைப் தானுந்துகள் டிஸ்க் பிரேக்குடன் களமிறங்கின. லெ மான் தடத்தில் அப்போது ஏறக்குறைய 6 கிமீ நீளமுள்ள நேர்சாலை ஒன்று கூர்மையான திருப்பத்தில் முடிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் உச்ச வேகத்திலிருந்து அத்திருப்பத்திற்குள் இறங்க வேண்டியிருந்தது. டிரம் பிரேக் கொண்ட தானுந்துகள் தொலைவிலேயே வேகத்தைக் குறைக்க, ஜாகுவார் ஓட்டுநர்கள் திருப்பத்தை நெருங்கும் வரை வேகத்தைத் தக்கவைத்துக்கொண்டனர். டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இணை முதலிடம் பெற்றது. அவர்களது சராசரி வேகம் மணிக்கு 105 மைலுக்கு மேல் (சுமார் 170 கிமீ) அமைந்தது. லெ மான் வரலாற்றில் வென்றவரின் சராசரி 100 மைலைக் கடந்தது அதுவே முதன்முறை. இரண்டாம், நான்காம் இடங்களையும் ஜாகுவார் பெற்றது.

பந்தயத்தில் பெறும் வெற்றி செடான்களின் விற்பனைக்கு உதவும் என்பதாலேயே லயன்ஸ் அதற்குச் செலவிட்டார். ஆயினும் டிஸ்க் பிரேக் உடனடியாக விற்பனைத் தானுந்துகளுக்கு வரவில்லை. 1954இல் வெளியான எக்ஸ்கே 140, 1955இல் வெளியான 2.4 செடான் ஆகியவையும் டிரம் பிரேக்குடனேயே விற்கப்பட்டன. புதிய பிரேக்கின் விலை, பேடுகளின் தேய்மானம், மழையிலும் சேற்றிலும் நாள்தோறும் ஓடும் வண்டியில் அது நெடுநாள் உழைக்குமா என்ற ஐயம் ஆகியவற்றிற்கு விடை காண வேண்டியிருந்தது. இதற்கிடையே 1955இல் பிரான்சின் சிட்ரோயன் டிஎஸ், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்குடன் பெருமளவில் உற்பத்தியானது. 1956இல் பிரித்தானியாவின் டிரையம்ப் டிஆர்3 விளையாட்டுத் தானுந்தும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கைப் பெற்றது.

1955ஆம் ஆண்டு

1955 சூன் மாதம் லயன்சின் வாழ்வில் பெருந்துயரமாக அமைந்தது. இவரது ஒரே மகனான ஜான் லயன்ஸ் ஜாகுவார் நிறுவனத்தில் பயிற்சி பெற்று வந்தார். லெ மான் பந்தயத்திற்காக மார்க் VII செடானை ஓட்டிச் சென்றபோது, பிரான்சின் செர்போர்க் அருகே நேர்ந்த சாலை விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 25. தமக்குப் பின் நிறுவனத்தை நடத்துவார் என்று லயன்ஸ் எண்ணியிருந்த வாரிசு அவரே.

சில நாட்களில் நடந்த அவ்வாண்டு லெ மான் பந்தயத்தில், தானுந்துப் பந்தய வரலாற்றின் மிகப் பெரிய விபத்து நிகழ்ந்தது. டிஸ்க் பிரேக் கொண்ட ஜாகுவார் டி-டைப்பை ஓட்டிய மைக் ஹாதோர்ன், சுற்று முடிவில் தமது அணியின் பராமரிப்பு இடத்தை நோக்கி வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த ஆஸ்டின்-ஹீலி அவர் மீது மோதாமலிருக்க விலகியது. அதன் மீது, மிகுந்த வேகத்தில் வந்த பியர் லெவெக்கின் மெர்சிடிஸ் மோதி, பார்வையாளர்கள் நின்ற பக்கம் வீசப்பட்டது. லெவெக்கும் 80க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் உயிரிழந்தனர். மெர்சிடிஸ் தானுந்துகள் டிரம் பிரேக்குகளையும், அவற்றுக்குத் துணையாக இருக்கையின் பின்னால் உயர்ந்து காற்றைத் தடுக்கும் பலகையையும் கொண்டிருந்தன. ஒரே தடத்தில் நிறுத்தும் ஆற்றல் பெரிதும் வேறுபட்ட வண்டிகள் ஓடியதும், பராமரிப்பு இடத்தின் முன் சாலை குறுகலாக இருந்ததும் விபத்துக்குப் பின்னர் விவாதிக்கப்பட்டன.

மெர்சிடிஸ் அணி இரவில் பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது. ஹாதோர்னும் ஐவர் பியூபும் ஓட்டிய ஜாகுவார் வெற்றி பெற்றது. 1956 இறுதியில் ஜாகுவார் தனது சொந்தப் பந்தய அணியைக் கலைத்தது. எனினும் ஸ்காட்லாந்தின் எக்குரி எக்கோஸ் அணி 1956, 1957 ஆண்டுகளில் டி-டைப் தானுந்தால் லெ மானில் வென்றது.

செடான்களில் டிஸ்க் பிரேக்

1955 இறுதியில் வெளியான ஜாகுவார் 2.4, தனி அடிச்சட்டம் இன்றி உடற்கூடே சுமை தாங்கும் வகையில் செய்யப்பட்ட முதல் ஜாகுவார் ஆகும். இது முந்தைய மார்க் VIIஐவிடச் சிறியது. அளவில் நடுத்தரக் குடும்பச் செடானாக இருந்தாலும் மணிக்கு 160 கிமீ வேகத்தை எட்டியது.

1957 பெப்ரவரி 12 அன்று கொவென்ட்ரியின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் பெருந்தீ மூண்டது. நூற்றுக்கணக்கான தானுந்துகள் சேதமுற்றன. லயன்ஸ் சில நாட்களிலேயே உற்பத்தியை மீண்டும் தொடங்கச் செய்தார். அதே மாத இறுதியில் 3.4 செடான் அறிவிக்கப்பட்டது. 2.4இன் சிறிய உடற்கூட்டில் 210 குதிரைத்திறன் கொண்ட பொறி அமர்ந்ததால், இதன் உச்ச வேகம் மணிக்கு சுமார் 190 கிமீ ஆக உயர்ந்தது. ஆனால் தொடக்கத்தில் இதுவும் டிரம் பிரேக்குடனேயே வெளியானது. எக்ஸ்கே 120இல் கண்ட அதே குறை இங்கும் தோன்றியது. பொறியின் ஆற்றலுக்குப் பிரேக் ஈடுகொடுக்கவில்லை.

இம்முறை தீர்வு கைவசம் இருந்தது. அவ்வாண்டிலேயே நான்கு சக்கரங்களிலும் டன்லப் டிஸ்க் பிரேக், கூடுதல் விலைக்குத் தெரிவாக வழங்கப்பட்டது. வாங்குபவர்களில் பலர் அதனையே விரும்பினர். 1957இல் வெளியான எக்ஸ்கே 150 விளையாட்டுத் தானுந்தும் டிஸ்க் பிரேக்குடன் விற்கப்பட்டது. 1958இல் அறிமுகமான பெரிய செடானான மார்க் IX, கூடுதல் விலையின்றி நான்கு சக்கர டிஸ்க் பிரேக்கைப் பெற்றது.

இவ்வகையில் டிஸ்க் பிரேக் பந்தயக் களத்தில் வென்றதற்கும் செடான் ஒன்றின் இயல்பான பகுதியாக ஆனதற்கும் இடையே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்தன.

பிரேக்கை மட்டும் மேம்படுத்தினால் வேகமான செடான் பாதுகாப்பானதாகிவிடாது என்பதும் இக்காலத்தில் உணரப்பட்டது. 2.4, 3.4 ஆகியவற்றின் பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலம், முன்சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைவிட சுமார் 11 செ.மீ. குறைவு. இதனால் ஈரமான சாலையில் அவற்றைக் கையாளக் கவனம் தேவைப்பட்டது. 1958ஆம் ஆண்டின் உலக வாகையரான மைக் ஹாதோர்ன், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற சில மாதங்களில், 1959 சனவரி 22 அன்று இங்கிலாந்தின் கில்ட்போர்ட் அருகே மழைநீர் படிந்த சாலையில் தமது 3.4 செடானை ஓட்டிச் சென்றபோது விபத்தில் உயிரிழந்தார்.

ஜாகுவார் மார்க் 2

1959 அக்டோபரில் மார்க் 2 செடான் அறிமுகமானது. 2.4, 3.4 லிட்டர் பொறிகளுடன், 220 குதிரைத்திறன் கொண்ட 3.8 லிட்டர் பொறியும் இதில் கிடைத்தது. 3.8 வகை மணிக்கு ஏறத்தாழ 200 கிமீ வேகம் செல்லக்கூடியது. இம்முறை வேகத்துடன் பிற பகுதிகளும் சேர்ந்தே மேம்படுத்தப்பட்டிருந்தன.

* மிகக் குறைந்த ஆற்றல் கொண்ட 2.4 வகை உட்பட எல்லா வகைகளிலும், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் இயல்பாகவே பொருத்தப்பட்டது.
* மிதிக்கும் விசையைக் குறைக்க வெற்றிட சர்வோ இணைக்கப்பட்டது.
* பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் சுமார் 8 செ.மீ. கூட்டப்பட்டது.
* ஓட்டுநரின் பார்வைக்குத் தடையாக இருந்த தடித்த கதவுச் சட்டங்கள் மெல்லியதாக்கப்பட்டு, கண்ணாடிகள் பெரிதாக்கப்பட்டன.

புதிய பிரேக்கிலும் குறைகள் இருந்தன. பின்சக்கர வட்டைத் தனிச் சிறு பேடுகளால் பிடிக்கும் கைபிரேக் போதிய வலுவற்றது என்ற முறையீடு நெடுங்காலம் நீடித்தது. டிரம் பிரேக்கில் எளிதாக அமைந்த கைபிரேக், டிஸ்க் பிரேக்கில் தனி அமைப்பைக் கோரியதே இதற்குக் காரணம்.

மார்க் 2, பிரித்தானியக் காவல்துறையினரால் நெடுஞ்சாலைச் சுற்றுக்காவலுக்குப் பயன்படுத்தப்பட்டது. அதே வேகத்திற்காகக் கொள்ளையர்களும் தப்பிச் செல்ல இதனை நாடினர். பிரான்சில் நாடு தழுவி நடந்த டூர் டி பிரான்ஸ் தானுந்துப் போட்டியின் செடான் பிரிவில், பெர்னார்ட் கோன்ஸ்டன் 1960 முதல் 1963 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் மார்க் 2இல் வென்றார். மலைப்பாதை இறக்கங்களில் பிரேக் மணிக்கணக்காகச் சோதிக்கப்படும் போட்டி அதுவாகும். மார்க் 2 வகையில் 80,000க்கும் மேற்பட்ட தானுந்துகள் உற்பத்தியாயின.

பிற்காலம்

1956இல் லயன்சுக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. 1960இல் டைம்லர் நிறுவனத்தையும், 1961இல் சரக்குந்துகள் செய்த கை மோட்டார்ஸ் நிறுவனத்தையும், 1963இல் கொவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனத்தையும் ஜாகுவார் வாங்கியது. 1961இல் வெளியான ஈ-டைப், மார்க் X ஆகியவற்றில் பின்சக்கர டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தில் அன்றி, அச்சின் நடுவில் பல்சக்கரப் பெட்டியை ஒட்டி அமைக்கப்பட்டன. இதனால் சக்கரத்துடன் மேலும் கீழும் ஆடும் எடை குறைந்து பயணம் மென்மையானது.

மகனை இழந்த லயன்சுக்கு நிறுவனத்தை ஒப்படைக்கக் குடும்பத்தில் வாரிசு இல்லை. இவரது மூத்த மகள் பட்ரீசியா, கணவர் இயன் ஆப்பிள்யார்டுடன் எக்ஸ்கே 120இல் ஆல்ப்ஸ் மலைப் போட்டிகளில் பங்கேற்றுப் புகழ் பெற்றவர். எனினும் நிறுவன நிர்வாகத்தில் தந்தையின் இடத்திற்கு வரவில்லை. உடற்கூடுகளைச் செய்து தந்த நிறுவனம் போட்டியாளரின் கைக்குச் சென்றதும் லயன்சுக்குக் கவலை அளித்தது. 1966இல் ஜாகுவாரை பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனத்துடன் இணைக்க இவர் உடன்பட்டார். 1968இல் அது பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெருநிறுவனத்தின் பகுதியானது. அதே ஆண்டு லயன்சின் மேற்பார்வையில் வடிவமைக்கப்பட்ட இறுதிப் பெரும் செடானான எக்ஸ்ஜே6 வெளியானது. அதிலும் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் இருந்தது.

1972இல் லயன்ஸ் ஓய்வு பெற்றார். வார்விக்சயரில் வாப்பன்பரி ஹால் என்ற தமது இல்லத்தில் வாழ்ந்து, ஆடுகளையும் மாடுகளையும் வளர்த்து வேளாண்மையில் ஈடுபட்டார். 1984இல் ஜாகுவார் மீண்டும் தனி நிறுவனமானதைக் கண்ட பின்னர், 1985 பெப்ரவரி 8 அன்று அவ்வில்லத்திலேயே காலமானார்.

பணிமுறை

லயன்ஸ் வரைபடங்களைக் கொண்டு வடிவமைப்பவர் அல்லர். மரச்சட்டத்தின் மீது உலோகத் தகட்டை அடித்து முழு அளவு மாதிரி ஒன்றைத் தொழிலாளர்களைக் கொண்டு செய்யச் சொல்வார். அதனைச் சுற்றி வந்து, கோடுகளை உயர்த்தவும் தாழ்த்தவும் கூறுவார். சில வேளைகளில் மாதிரியைத் தமது வீட்டின் முன் நிறுத்தி இயற்கை ஒளியில் பார்வையிடுவார். ஒவ்வொரு பகுதியின் விலையையும் நுணுகிக் கேட்டறியும் சிக்கனக்காரராகவும் அறியப்பட்டார். ஊழியர்களுடன் மரபுவழி மரியாதையைக் கடைப்பிடித்து, பலரையும் குடும்பப் பெயராலேயே அழைத்தார்.

டிஸ்க் பிரேக்கை அவர் கண்டுபிடிக்கவில்லை. அதற்கான பொறியியல் பணியையும் ஹெய்ன்ஸ், டூயிஸ், டன்லப் பொறியாளர்கள் ஆகியோரே செய்தனர். அப்பணிக்குப் பணமும் பந்தய அணியும் தந்ததும், பின்னர் அதனைப் பெருமளவில் விற்கும் செடானின் விலைக்குள் அடக்கியதும் லயன்சின் பங்காகும். அதே வேளையில், வேகத்தை முதலில் விற்று, அதற்கேற்ற பிரேக்கைச் சில ஆண்டுகள் கழித்தே தந்தது அவரது நிறுவனம் என்பதும் வரலாற்றில் பதிவாகியுள்ளது.

நினைவு

பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தானுந்து உற்பத்தி 2005இல் நிறுத்தப்பட்டது. ஜாகுவார் நிறுவனத்தை 1989இல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனமும், 2008இல் இந்தியாவின் டாடா மோட்டார்ஸ் நிறுவனமும் வாங்கின.

பழைய மார்க் 2 செடான்கள் பல நாடுகளில் ஆர்வலர்களால் பேணப்படுகின்றன. 2.4, 3.4 ஆகியவற்றின் டிரம் பிரேக்குகளை அகற்றி, மார்க் 2இன் டிஸ்க் பிரேக்குகளைப் பொருத்திக்கொள்வது அவர்களிடையே பரவலாக உள்ள மேம்பாடுகளுள் ஒன்றாகும்.